மரத்தின் அடியில் யார்: கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா?

எங்கள் பள்ளி விலங்கியல் ஆய்வகத்தின் வடக்குச் சுவரில் விலங்குகளின் பரிணாம மரத்தை வரையலாம் என்று முடிவானது. ஓவியர் சுவருக்கு வெள்ளையடித்து, மேல் கிளைகளுக்கெல்லாம் பென்சில் கோடு போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "மேல எல்லாம் சரி சார். அடிமரத்துல இருந்து முதல்ல பிரியுற கிளை எது? இந்தப் பஞ்சா, கண்ணாடி மாதிரி இருக்கே இதுவா?" அவர் கையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று கடற்பஞ்சு, மற்றொன்று சீப்பு ஜெல்லி.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். மூன்று வாரம் படித்தேன். அந்த முடிவை எப்படி எடுத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பாடம் நடத்துபவர்கள், கண்காட்சிக்கு அட்டை தயாரிப்பவர்கள், அறிவியல் எழுதுபவர்கள் என்று பலருக்கும் இந்தத் தேர்வு வந்தே தீரும்.

முதலில் களத்தில் இருப்பவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். இன்று உயிரோடிருக்கும் விலங்குகள் எல்லாவற்றையும் ஐந்து பெரும் கூட்டங்களில் அடக்கிவிட முடியும். கடற்பஞ்சுகள், சீப்பு ஜெல்லிகள், பிளாக்கோசோவா என்ற சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தட்டை உயிர்கள் ஆகியவை மூன்று. பவளம், கடல் சாமந்தி, கரையோரத்தில் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன் எல்லாம் சேர்ந்த நிடேரியா நான்காவது. பழைய பெயர் குழியுடலிகள். ஐந்தாவது, இடம் வலம் என்று இருபக்கச் சமச்சீர் உள்ளவை: மண்புழு, இறால், காகம், நாம். (நட்சத்திர மீனும் இதில்தான் சேரும். இளம்பருவத்தில் அதற்கும் இடம் வலம் உண்டு.) நிடேரியாவும் இருபக்கச் சமச்சீர் விலங்குகளும் நெருங்கிய உறவு என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் அடியில்தான்.

'முதல் கிளை' என்று சொல்லும்போது மாணவர்கள் அதை நம் பாட்டன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பாட்டன் இல்லை, முதலில் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன வீடு. பிரிந்து போனவர்களும் நம்மைப் போலவே அன்றிலிருந்து இன்றுவரை அத்தனை ஆண்டுகளையும் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பாகப்பிரிவினை நடந்தது அரை பில்லியன் ஆண்டுகளுக்கும் வெகு முன்பு. இவ்வளவு காலத்தில் எந்த வீடும் பழைய வீடாகவே இருந்திருக்க முடியாது. இந்தக் கட்டுரையில் வரும் குழப்பங்களில் பாதி, இதை மறப்பதால் வருவதுதான்.

சரி, பழைய தேர்வு. கடற்பஞ்சை அடியில் வைப்பது.

இதற்கு முதல் காரணம் அதன் உடம்பு. வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை. உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளைகள். அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே போய், மேலே உள்ள பெரிய துளை வழியே வெளியே வருகிறது. 1820களில் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் இந்த நீரோட்டத்தைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தபோதுதான், செடியா விலங்கா என்று கிடந்த பழைய சந்தேகம் தீரத் தொடங்கியது. பிற்காலத்தில் பரிணாமத்துக்கே பெயராகிப்போன டார்வின் அப்போது அங்கே மாணவர். கிராண்டோடு கடற்கரையில் சுற்றியவர்.

இரண்டாவது காரணம் நுண்ணோக்கியின் அடியில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கடற்பஞ்சின் உட்பக்க அறைகளில் கோயனோசைட்டுகள் என்ற செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கசையிழை. அதைச் சுற்றி மெல்லிய விரல்களை நெருக்கி நட்டு வைத்தது போல ஒரு கழுத்துப்பட்டை. கசையிழை அடிக்க அடிக்கத் தண்ணீர் இழுபடும், அதில் வரும் பாக்டீரியா கழுத்துப்பட்டையில் ஒட்டிக்கொள்ளும், செல் அதை விழுங்கிவிடும். 1860களில் அமெரிக்காவில் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் இதே கழுத்துப்பட்டையை, இதே கசையிழையை, தண்ணீரில் தனியாக வாழும் ஒரு செல் உயிர்களிலும் கண்டார். கோயனோஃபிளாஜெல்லேட் என்று இன்று நாம் சொல்வது அவற்றைத்தான். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மரபணுக்களை ஒப்பிட்டபோது, விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒரு செல் உறவினர் அவைதான் என்று உறுதியானது. கழுத்துப்பட்டை உள்ள தனிச் செல், பிறகு அந்தச் செல்களே கூடி வாழும் கடற்பஞ்சு, பிறகு மற்ற விலங்குகள் என்று ஒரு படிக்கட்டு தானாகக் கண்ணில் படுகிறது.

1907இல் ஹெச். வி. வில்சன் செய்த சோதனை இந்தப் படிக்கட்டுக்கு இன்னும் வலு சேர்ப்பது போலத் தோன்றும். அவர் உயிருள்ள கடற்பஞ்சை நெருக்கமாக நெய்த பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். மாவு சலித்தது போல, பிரிந்த செல்கள் தண்ணீரில் இறங்கின. அவை சாகவில்லை. ஊர்ந்து, ஒன்றையொன்று தேடிப் பிடித்து, கட்டிகளாகச் சேர்ந்து, நாளடைவில் துளையும் அறையும் உள்ள கடற்பஞ்சாகவே மறுபடி வளர்ந்தன. பார்ப்பவர்களுக்கு ஒரு செல் வாழ்க்கையும் கூட்டு வாழ்க்கையும் கதவு திறந்த இரண்டு அறைகள் மாதிரி தெரிந்தன.

கணக்கும் சுலபம். கடற்பஞ்சு முதலில் பிரிந்துவிட்டால், நரம்பும் தசையும் அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை தோன்றினால் போதும். சீப்பு ஜெல்லி, நிடேரியா, நாம் எல்லோருக்கும் அதே சொத்து. ஆனால் இங்கே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. பிளாக்கோசோவாவுக்கும் நரம்பு இல்லை. அதன் இடமோ இன்றைய ஆய்வுகளில் நிடேரியாவுக்கு அருகே, மரத்தில் சற்று மேலே வருகிறது. அப்படியானால் கடற்பஞ்சை அடியில் வைக்கும் மரத்திலும் நரம்பை ஒருமுறை யாரோ தொலைத்தாக வேண்டும். தொலைப்பது நடக்காத காரியம் என்று இந்தப் பக்கத்தினர் மற்றவர்களைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நாடாப்புழுவுக்குக் குடல் இல்லை. அதன் முன்னோருக்கு இருந்தது. மட்டிக்கும் சிப்பிக்கும் தலை இல்லை. நத்தைக்கும் கணவாய்க்கும் இருக்கிறது, எல்லாம் ஒரே மெல்லுடலிக் குடும்பம். மீன்களில் ஒட்டுண்ணியாக வாழும் மிக்சோசோவாக்கள் இன்னும் தூரம் போய்விட்டன. சில செல்கள் மட்டுமே உள்ள வித்துகளாகப் பரவுவதால் ஒரு செல் உயிர்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மரபணு பார்த்தால் அவை பவளத்துக்கும் சொறிக்கும் உறவுக்காரர்கள். நரம்பு போய், தசை போய், வாய் போய், உடம்பே போய்விட்டது. ஆகவே கடற்பஞ்சின் எளிய உடம்பைக் காட்டி மட்டும் அதை அடியில் உட்கார வைக்க முடியாது. எளிமை, தொடக்கத்திலிருந்தே வந்ததாக இருக்கலாம், வழியில் இழந்ததாகவும் இருக்கலாம்.

இனி இரண்டாவது தேர்வு. சீப்பு ஜெல்லியைப் பார்க்காமல் இதைப் பேசுவது சரியாக வராது.

ஒருமுறை மாணவர்களோடு காலை நேரத்தில் கரையில் இருந்தபோது, வலை இழுத்தவர்கள் ஒதுக்கிப் போட்ட குப்பையில் நெல்லிக்காய் அளவில் கண்ணாடி உருண்டை ஒன்று கிடந்தது. விரலால் எடுத்தால் கரைந்துவிடும். கடல்நீரோடு சேர்த்து ஒரு கண்ணாடித் தம்ளரில் முகந்தோம். முதலில் தம்ளரில் ஒன்றுமே இல்லை என்றுதான் பிள்ளைகள் சொன்னார்கள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் எட்டு வரிகள் தெரிந்தன, மேலிருந்து கீழாக, பூசணிக்காயின் வரிகள் போல. ஒவ்வொரு வரியிலும் சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடிக்கொண்டே இருந்தன. அந்த வரிகள்தான் சீப்புகள். ஆயிரக்கணக்கான குறுயிழைகள் ஒட்டிச் சேர்ந்து ஒவ்வொரு சீப்புத் தட்டும் உருவாகிறது. தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல அடிக்கும்போது விலங்கு நகர்கிறது. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறும்போது வானவில் நிறம் வருகிறது. அது அதன் சொந்த ஒளி இல்லை, குறுந்தகட்டில் தெரியும் நிறம் மாதிரி. இருட்டில் தானாக ஒளிரும் திறன் பல சீப்பு ஜெல்லிகளுக்குத் தனியாக உண்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட இழைகள் வெளியே வந்து நீண்டன, சுருங்கின. சொறியைப் போல இது கொட்டாது. இழைகளில் உள்ள ஒட்டும் செல்களால் இரையைப் பிடிக்கும்.

நரம்பு இருக்கிறது, தசை இருக்கிறது, வாய் இருக்கிறது, மேல் நுனியில் சமநிலை உணரும் உறுப்பு இருக்கிறது. வேட்டையாடுகிறது. இதையா அடியில் வைப்பது என்று யாருக்கும் தோன்றும். 2008இல் கேசி டன்னும் கூட்டாளிகளும் 77 இனங்களிலிருந்து 150 மரபணுக்களை எடுத்து ஒப்பிட்டு வெளியிட்ட மரத்தில், மற்ற எல்லா விலங்குகளையும் விட்டு முதலில் பிரிந்து நின்றது இந்தக் கண்ணாடி உருண்டைதான். ஆய்வாளர்கள் பலர் அதை நம்பத் தயங்கினார்கள். ஆனால் 2013இல் நெமியாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லியின் முழு மரபணுத் தொகுதி வந்தபோதும் அதே விடை வந்தது. 1980களில் கப்பல்களின் நிலைநிறுத்த நீரோடு கருங்கடலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நெத்திலி மீன்பிடியே சரியக் காரணமான அதே இனம்தான் அது.

2014இல் லியோனிட் மோரோஸ் குழு புளூரோபிராக்கியா என்ற இன்னொரு சீப்பு ஜெல்லியின் மரபணுக்களைப் படித்து ஒரு பெரிய கருத்தை முன்வைத்தது. நம் நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் செரட்டோனின், டோபமைன், அசிட்டைல்கோலின் போன்ற தூதுப்பொருள்களை அது பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. குளுட்டமேட் மட்டும் வேலை செய்கிறது. அப்படியானால் அதன் நரம்பு நம் நரம்போடு தொடர்பில்லாமல் தனியே தோன்றியதாக இருக்கலாம் என்றார்கள். 2023இல் நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து பாவெல் புர்க்ஹார்ட் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது இன்னும் வியப்பு. இளம் நெமியாப்சிஸின் நரம்பு வலையில், செல்கள் இடைவெளி விட்டு நிற்கவில்லை. ஒன்றோடொன்று சவ்வு சேர்ந்து ஒரே தொடர் வலையாக ஓடின. நரம்பு மண்டலம் தொடர் வலையா, தனித்தனிச் செல்களின் தொகுப்பா என்று நரம்பை ஆராய்ந்த கோல்கியும் கஹாலும் மோதிக்கொண்டு, 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கஹால் சொன்னதே சரி என்று நாம் பாடம் நடத்துகிறோம். கோல்கி நினைத்தது போன்ற வலை கடலுக்குள் ஒரு கண்ணாடி உருண்டையில் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது, நரம்பு இருமுறை தோன்றியது, ஆகவே சீப்பு ஜெல்லிதான் அடியில் என்று மனம் தாவும். தாவக் கூடாது. நரம்பு வித்தியாசமாக இருப்பதாலேயே கிளை முதலில் பிரிந்தது என்று ஆகாது. பிரிந்த பிறகு தனியாக மாறியிருக்கலாம். மறுபக்கமும் இதே கதைதான். 2010இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுக் கடற்பஞ்சு ஒன்றின் மரபணுத் தொகுதி வந்தபோது, நரம்பே இல்லாத அந்த உயிரில், நரம்புச் சந்திப்பின் வாங்கும் பக்கத்தில் பயன்படும் புரதங்கள் பலவற்றுக்கான மரபணுக்கள் இருந்தன. நரம்பு வருவதற்கு முன்பு சேர்த்து வைத்த சாமான்கள் என்று ஒரு பக்கம் சொன்னது. நரம்பு போன பிறகு மிஞ்சிய சாமான்கள் என்று இன்னொரு பக்கமும் சொல்லலாம். ஒரே பொருளை இரண்டு தரப்பும் சாட்சியாகக் கூப்பிட முடிந்தால், அந்தச் சாட்சியை வைத்து வழக்கைத் தீர்க்க முடியாது. உடம்பையும் நரம்பையும் ஓரமாக வைத்துவிட்டு மரபணு எழுத்துகளிடமே போக வேண்டும்.

இங்கேதான் நான் அதிக நாள் செலவிட்டேன். புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஓலைச்சுவடி.

ஒரு செய்யுளுக்கு ஐந்தாறு சுவடிகள் கிடைக்கின்றன. பாடபேதங்களை ஒப்பிட்டு, எது எதைப் பார்த்து எழுதியது என்று பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பார். ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் இரண்டும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தவை என்பது பொது விதி. உயிரினங்களின் புரதங்களை ஒப்பிடுபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுவே. ஆனால் இந்த விதி ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், வேறு வேறு ஊரில், வேறு வேறு நூற்றாண்டில், அதே இடத்தில் அதே தவறைச் செய்துவிட முடியும். சுவடி எத்தனை தடவை படியெடுக்கப்பட்டதோ அத்தனைக்கு இந்தத் தற்செயல் ஒற்றுமைகளும் பெருகும். கடைசியில், நிறையத் தடவை படியெடுத்த இரண்டு சுவடிகள் உறவே இல்லாமல் உறவுபோலத் தெரியும்.

இதை நீண்ட கிளைகளின் ஈர்ப்பு என்பார்கள். 1978இல் ஜோசப் ஃபெல்சென்ஸ்டைன் கணித முறையில் காட்டியது. நம் வழக்கில் நீண்ட கிளைகள் இரண்டு. ஒன்று, சீப்பு ஜெல்லி. அதன் மரபணுக்கள் வேகமாக மாறியவை. இன்றுள்ள சீப்பு ஜெல்லிகள் எல்லாம் ஒப்பீட்டளவில் அண்மைக்கால மூதாதை ஒன்றிலிருந்து வந்தவையாகத் தெரிவதால், நடுவே கிளையே இல்லாத நீளக் கோடு ஒன்று நிற்கிறது. மற்றொன்று, மரத்தின் வேரைக் கண்டுபிடிக்க நாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு செல் உயிர்கள். அவை தொலைவில் இருப்பவை. நீளம் நீளத்தை இழுத்து, சீப்பு ஜெல்லி தன் இடத்திலிருந்து நழுவி அடிக்கு வந்துவிட்டதோ என்பதுதான் கடற்பஞ்சுக் கட்சியின் குற்றச்சாட்டு.

2009இல் எர்வே ஃபிலிப் குழு 128 மரபணுக்களைக் கொண்டு கடற்பஞ்சை மறுபடி அடிக்குக் கொண்டுவந்தது. 2015இல் டேவிட் பிசானியும் கூட்டாளிகளும் எதிர்த்தரப்பின் தரவுகளையே எடுத்து வேறு கணித மாதிரியில் போட்டு, கடற்பஞ்சுக்குச் சாதகமான விடையைப் பெற்றார்கள். 2017இல் சிமியோன் குழு 97 இனங்கள், 1,719 மரபணுக்கள் என்று பெரிதாக்கியபோதும் கடற்பஞ்சுதான். அதே ஆண்டுகளில் நேதன் வீலனும் கூட்டாளிகளும் தொடர்ந்து சீப்பு ஜெல்லியையே பெற்றார்கள். இந்தப் பட்டியலை இன்னும் நீட்டலாம்.

தரவு கூடக் கூடத் தெளிவு வர வேண்டாமா? வரவில்லை, ஏனென்றால் சண்டை தரவில் இல்லை, படிக்கும் முறையில் இருக்கிறது. மறுபடி செய்யுளுக்கு வருவோம். அடியின் நடுவில் எழுத்து மாறினால் பல எழுத்துகள் பொருந்தும். எதுகை விழும் இடத்தில் அப்படி மாற முடியாது, அங்கே பொருந்தும் எழுத்துகள் கொஞ்சம். புரதத்திலும் மொத்தம் 20 அமினோ அமிலங்கள். ஆனால் சில இடங்களில் மூன்று நான்கு மட்டுமே வேலைக்கு ஆகும். அந்த இடங்களில் தற்செயல் ஒற்றுமை சகஜம். ஒவ்வோர் இடத்துக்கும் தனி விதி உண்டு என்று கணக்கில் எடுக்கும் மாதிரிகளைப் பயன்படுத்தினால் கடற்பஞ்சு அடிக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. எல்லா இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே விதி என்று வைத்தால் சீப்பு ஜெல்லி. முதல் வகை மாதிரிகள் நுட்பமானவை, எனக்கும் அவைதான் நியாயமாகப் படுகின்றன. ஆனால் அளவுக்கு மீறி நெகிழ்வாக இருந்தால் அவையும் இல்லாததை இருப்பதாகக் காட்டலாம் என்ற எதிர்வாதத்தில் பொருள் இருக்கிறது. எழுத்தை எண்ணியே இதைத் தீர்க்க முடியுமா என்ற அலுப்பு எனக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

அப்புறம் 2023இல் வேறொரு வகைச் சாட்சி வந்தது. டாரின் ஷுல்ட்ஸ், ஸ்டீவன் ஹேடக், டேனியல் ரோக்சார், ஒலெக் சிமகோவ் ஆகியோரின் குழு எழுத்தைப் பார்க்கவில்லை, ஏடுகளின் கட்டைப் பார்த்தது. எந்த மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு நூல்கள் தனித்தனிக் கட்டாக இருக்கின்றன என்று வையுங்கள். யாரோ இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டார்கள். பிறகு கயிறு அவிழ்ந்து ஏடுகள் கலந்துபோய், முதல் நூலின் ஏடு ஒன்று, இரண்டாம் நூலின் ஏடு மூன்று, மறுபடி முதல் நூல் என்று தாறுமாறாகக் கிடக்கின்றன. இது நடப்பது சுலபம். ஆனால் யாரும் படித்துப் பிரிக்காமல், தற்செயலாகவே குலுங்கிக் குலுங்கி, அந்த ஏடுகள் பழையபடி இரண்டு சுத்தமான கட்டுகளாகப் பிரிவது நடக்கவே நடக்காது. எனவே கலந்த கட்டு பிந்தியது, கலக்காத இரண்டு கட்டுகள் முந்தியவை.

அவர்கள் கண்டது இதுதான். குறிப்பிட்ட சில மரபணுக் கூட்டங்கள், ஒரு செல் உறவினர்களிலும் சீப்பு ஜெல்லியிலும் தனித்தனிக் குரோமோசோம்களில் இருக்கின்றன. கடற்பஞ்சு, நிடேரியா, இருபக்கச் சமச்சீர் விலங்குகள் ஆகியவற்றில் அதே கூட்டங்கள் ஒரே குரோமோசோமில் சேர்ந்து கலந்து கிடக்கின்றன. கலந்தது ஒருமுறைதான் என்றால், கலப்பு நடப்பதற்கு முன்பே சீப்பு ஜெல்லி பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டது. கடற்பஞ்சு நம்மோடு கூட இருந்து, பிறகு போனது.

படித்து முடித்ததும் ஆய்வகத்துக்குப் போய் ஓவியரிடம் விடை சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். மறுபடி உட்கார வைத்தது அந்த வாதத்தின் அளவு. இப்படிச் சாட்சி சொல்லும் மரபணுக் கூட்டங்கள் சிலவே. ஒரு செல் உயிர்களில் இத்தனை காலத்தில் ஏடுகள் ஏகமாகச் சிதறிவிட்டன. அவற்றில் இன்னும் கட்டு என்று ஒன்று மிஞ்சியிருக்கிறதா என்பதைப் புள்ளிவிவரம் கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் புள்ளிவிவரம் எவ்வளவு உறுதி என்று கேள்வி எழுப்பியவர்கள் உண்டு. 2025இல் ஜேக்கப் ஸ்டீன்விக், நிக்கோல் கிங் இருவரும் எழுத்துச் சான்றைப் புதிதாகத் திரட்டிச் சோதித்து, கடற்பஞ்சு அடியில் என்ற முடிவுக்கு வந்தார்கள். நிக்கோல் கிங், கோயனோஃபிளாஜெல்லேட்டுகளோடு தம் ஆய்வு வாழ்க்கையையே கழித்தவர். எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மற்ற தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1883இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒரு கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் ஷுல்ஸ் கண்டெடுத்த டிரைகோபிளாக்ஸ், பிளாக்கோசோவாவில் பெயர் பெற்றது. அதை அடியில் வைத்த காலமும் இருந்தது. இன்று ஆதரவு குறைவு. சீப்பு ஜெல்லியையும் சொறியையும் ஒரே வீட்டில் வைக்கும் பழைய ஏற்பாட்டையும் விட்டுவிடலாம். புதைபடிவம் தீர்த்து வைக்காதா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓமன் நாட்டுப் பாறைகளில் கிடைத்த, கடற்பஞ்சின் கொழுப்பு என்று கருதப்பட்ட வேதித் தடயத்தை 2009இல் பெரிதாகப் பேசினார்கள். பாசியின் கொழுப்பு பாறைக்குள் மாறியும் அது வரலாம் என்று பின்னால் காட்டப்பட்டது. சீனாவின் செங்சியாங்கில் 51.8 கோடி ஆண்டுப் பழைய சீப்பு ஜெல்லிகள் அழகாகக் கிடைக்கின்றன. ஆனால் அதற்குள் எல்லா வீடுகளும் பிரிந்து முடிந்துவிட்டன.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தேர்வு எழுதும் மாணவர் பாடநூலின் வரிசையை எழுதட்டும், துளையுடலிகள், அதாவது கடற்பஞ்சுகள், முதலில். மதிப்பெண் அதற்குத்தான். அந்த வரிசை உடலமைப்பு எளியதிலிருந்து சிக்கலானதற்குப் போகும் வரிசை, பாகம் பிரிந்த வரிசை என்று அதற்கு அர்த்தமில்லை என்பதை ஆசிரியர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நரம்பின் தோற்றத்தைப் பற்றி எழுதுபவர் இரண்டு மரத்தில் எதையும் அடித்தளமாக வைத்துக் கதை கட்டாமல் இருப்பது நல்லது. 'நரம்பு இருமுறை தோன்றியது' என்ற தலைப்பு கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அதைத் தாங்கும் அளவுக்குத் தரை இன்னும் இறுகவில்லை. எந்த மரத்தை ஏற்றாலும் சீப்பு ஜெல்லியின் நரம்பு வலை வியப்பானதுதான், அதையே எழுதலாம்.

ஒன்றைத்தான் வரைய வேண்டும், வேறு வழியில்லை என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் சீப்பு ஜெல்லியை அடியில் வரைவேன். எழுத்துச் சான்று, படிக்கும் முறையை மாற்றினால் விடையையும் மாற்றுகிறது. பல ஆண்டுகளாக அதைப் பார்த்துவிட்டோம். கலந்த ஏடு அந்த அளவுக்கு மாதிரியை நம்பி நிற்பதில்லை. சான்று அளவில் சிறிது, ஆனால் வகையில் வலுவானது. இன்னும் பல கடற்பஞ்சுகளின், குறிப்பாக ஆழ்கடல் கண்ணாடிப் பஞ்சுகளின் குரோமோசோம்கள் முழுதாகப் படிக்கப்பட்டு அந்தக் கலப்பு அவற்றில் இல்லை என்று தெரிந்தால், மறுநாளே மாற்றிக்கொள்வேன்.

ஆனால் சுவருக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. ஓவியரைக் கூப்பிட்டு, கடற்பஞ்சு ஒன்று, சீப்பு ஜெல்லி ஒன்று, மற்ற எல்லாம் ஒன்று, இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து பிரியட்டும், எது முந்தி என்று காட்ட வேண்டாம் என்றேன். படம் அசிங்கமாகிவிடுமோ என்று எனக்கு உள்ளூரக் கவலை. அவர் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இலவ மரம் பார்த்திருக்கீங்கல்ல சார்? ஒரே கணுவுல சுத்திச் சுத்தி நாலஞ்சு கிளை நீட்டும். அதே மாதிரி போட்டுடலாம், நல்லாத்தான் இருக்கும்."

அப்படியே போட்டார். வேரில் கழுத்துப்பட்டையும் கசையிழையுமாகக் கோயனோஃபிளாஜெல்லேட், கணுவில் மூன்று கிளைகள், மேலே காகம்வரை எல்லாம் எனாமல் பெயின்ட். கணுவைச் சுற்றி இரண்டு சாண் இடத்துக்கு மட்டும் கரும்பலகைப் பெயின்ட் பூசித் தரச் சொன்னேன். பக்கத்தில் ஒரு ஆணியடித்து அதில் சாக்பீஸ் டப்பாவை அவரே தொங்கவிட்டுப் போனார்.